மாற்றுக் கைகளும் 2 மி.மீ. முளையும்

ஜப்பானிய ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றை முதன்முதலாக வாங்குகிறவர் பெட்டியைத் திறந்ததும் கொஞ்சம் திகைத்துப் போவார். பொம்மைக்கு இரண்டு கை. ஆனால் பிளாஸ்டிக் தட்டில் எட்டு, பத்து கைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முஷ்டி ஒன்று, விரித்த கை ஒன்று, சுட்டிக்காட்டும் கை, வாள் பிடிக்கும் கை, கோப்பை பிடிக்கும் கை. (தமிழில் கை என்றால் தோளிலிருந்து விரல் வரை எல்லாமே கைதான். இந்தக் கட்டுரையில் மணிக்கட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதியை மட்டும் கை என்கிறேன்.)

ஆசையாக ஒன்றைக் கழட்டி இன்னொன்றை மாட்டப் போவோம். டக்கென்று ஒரு சத்தம். மணிக்கட்டு முளை உடைந்து, பாதி துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த பொம்மை ஒற்றைக் கையோடு நிற்கும். "நீ முரட்டுத்தனமா பிடிச்சிருப்ப" என்று வீட்டில் சொல்வார்கள். முரட்டுத்தனத்தை விட இதில் வடிவமைப்பின் பங்குதான் அதிகம் என்பது என் கட்சி.

முதலில், கையை ஏன் மாற்ற வேண்டும்? ஒரே கை எல்லா வேலையும் செய்யக்கூடாதா? செய்து பார்த்திருக்கிறார்கள். 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ஜி.ஐ. ஜோ 12 அங்குல பொம்மை, 21 அசையும் பாகங்கள். கை மட்டும் விறைப்பான ஒரே வார்ப்பு. பிரிட்டனில் பாலிடாய் நிறுவனம் தன் ஆக்‌ஷன் மேனுக்கு மெத்தென்ற, பொருளைக் கவ்விப் பிடிக்கும் கைகளைக் கொடுத்தது. ஹாஸ்ப்ரோ அதை எடுத்து 1974-இல் 'குங் ஃபூ கிரிப்' என்று பெயர் வைத்து விற்றது. பிடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மென்மையான பொருள் வருடங்கள் போகப் போக இறுகி வெடித்தது. பழைய ஜி.ஐ. ஜோ சேகரிப்பவர்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் குறை விரல் உதிர்வதுதான்.

அதே 1974-இல் ஜப்பானின் டக்காரா வேறு வழி பிடித்தது. மைக்ரோமேன் வரிசையில் 5 மி.மீ. முளை, 5 மி.மீ. துளை என்று ஒரு அளவை நிலைநிறுத்தினார்கள். அந்தப் பரம்பரையில் 1984-இல் வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் முஷ்டியில் இன்றும் 5 மி.மீ. துளைதான் இருக்கிறது. நாற்பது வருடப் பழைய துப்பாக்கியைப் புது ரோபோவின் கையில் சொருகலாம். எங்கள் மென்பொருள் உலகில் இப்படியொரு இன்டர்ஃபேஸ் இவ்வளவு காலம் நீடித்தால் கோயில் கட்டிக் கும்பிடுவோம்.

ஆனால் அது ரோபோவுக்குத்தான் சரி. மனித உருவப் பொம்மைகள் பெரும்பாலும் 1/12 அளவு. அந்த அளவில் 5 மி.மீ. என்பது நிஜத்தில் 6 செ.மீ. தடிமன். பேனா பிடிக்க வேண்டிய பள்ளிக்கூடப் பெண்ணின் கையில் தண்ணீர்க் குழாய் நுழைகிற ஓட்டை இருந்தால் எப்படி இருக்கும்? அதனால் 2008-இல் தொடங்கிய ஃபிக்மா (மேக்ஸ் ஃபேக்டரி), எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் (பண்டாய்) இரண்டுமே கையையே மாற்றிவிடும் வழியில் போயின. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ், 1/6 அளவில் இதையேதான் செய்கிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். மணிக்கட்டில் இருக்கும் முளையிடம் மூன்று வேலை கேட்கிறோம். கை கீழே விழாமல் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வைத்த கோணத்தில் நிற்கிற மாதிரி திரும்ப வேண்டும். கேட்டவுடன் கழன்று வர வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் நேர் எதிர். உங்கள் முழங்கால் மூட்டு தினமும் கழன்று மாட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

போதாக்குறைக்கு இடம் வேறு இல்லை. ஆறு செ.மீ. அகல மணிக்கட்டு 1/12-இல் 5 மி.மீ. அதற்குள் துளை போட்டுச் சுவரும் விட வேண்டும் என்றால் முளைக்கு 2, மிஞ்சினால் 3 மி.மீ. கிடைக்கும். வட்டமான தண்டு ஒன்று முறுக்கையோ வளைவையோ தாங்கும் திறன் விட்டத்தின் கன மடங்கில் ஏறும். 3 மி.மீ. முளை 2 மி.மீ. முளையைப் போல 3.4 மடங்கு தாங்கும். அந்த ஒரு மி.மீ. அவ்வளவு பெரிய விஷயம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். பொம்மைக் கையின் நீளம் சுமார் 16 மி.மீ. முளை 2 மி.மீ. விரல் நுனியைப் பிடித்து நேராக இழுத்தால் அந்த விசை முளையின் குறுக்குவெட்டு முழுவதும் சமமாகப் பரவும். அதே விசையைப் பக்கவாட்டில் கொடுத்தால், கையே நெம்புகோலாகி, முளையின் அடியில் வரும் அழுத்தம் 64 மடங்கு. (வளைவின் சூத்திரத்தைப் போட்டால் நீளத்தை எட்டால் பெருக்கி விட்டத்தால் வகுத்தது, எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு, அதில் பாதி.) நாம் என்ன செய்கிறோம்? வரவில்லை என்றதும் அப்படி இப்படி ஆட்டுகிறோம். பல்லைப் பிடுங்குகிற மாதிரி. அந்த ஆட்டல்தான் எமன். கையை அடியோடு, மணிக்கட்டுக்கு ஒட்டியே பிடித்து, மறு கையால் முன்கையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தோளைப் பிடித்து இழுத்தால் நடுவில் இருக்கும் முழங்கை மூட்டு உங்களைச் சபிக்கும்.

சரி, நேராக இழுத்தும் வரவில்லை என்றால்? சூடு காட்ட வேண்டும். இது ஏன் வேலை செய்கிறது என்பது பிளாஸ்டிக் வகையில் இருக்கிறது. கைகள் பெரும்பாலும் மென்மையூட்டி கலந்த பிவிசி. விறைப்பான பிவிசியே 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். மென்மையூட்டி சேர்த்தது அதற்கு வெகு முன்பே இளகும். முன்கை ஏபிஎஸ் என்றால் அதற்கு 100 டிகிரியைத் தாண்ட வேண்டும். முளை பாலிஅசிட்டால் என்றால் இன்னும் மேலே. ஆக, 60 டிகிரி தண்ணீரில் கையை மட்டும் அரை நிமிடம் முக்கினால் துளை இளகும், முளை விறைப்பாகவே இருக்கும். ஆனால் முளையும் பிவிசியாக வரும் பொம்மைகள் உண்டு. அதில் முழு மணிக்கட்டையும் சூடாக்கினால் முளையும் சேர்ந்து இளகி, இழுக்கும்போது மிட்டாய் மாதிரி முறுக்கிக்கொள்ளும். கழட்டும்போது கையை மட்டும், மாட்டும்போது மாட்டப்போகும் கையை மட்டும் சூடாக்கவும். குளிர்காலத்தில் இது இன்னும் முக்கியம். டோக்கியோவின் ஜனவரி மாத அறையில் பிவிசி கல் மாதிரி இறுகியிருக்கும்.

வாள், துப்பாக்கி வைத்திருக்கும் கை என்றால் ஆயுதத்தை முதலில் தனிக் கையில் சொருகிவிட்டு, பிறகு அந்தக் கையை மணிக்கட்டில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு வாளைத் திணித்தால் அந்த விசை முழுவதும் முளைக்குத்தான் போகும்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி, எந்தப் பாகம் உடைய வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்க முடியும் என்பது. முளையை முன்கையோடு சேர்த்தே வார்த்தால் உடைந்ததும் முன்கையே போச்சு. ஃபிக்மாவில் மணிக்கட்டு ஒரு தனிக் கீல் துண்டு. ஒரு முனை முன்கையில், மறு முனை கையில். பல பெட்டிகளில் உபரியாக ஒன்றிரண்டு கீல்களும் போட்டுத் தருகிறார்கள். வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் மாதிரிதான்: விலை மலிந்தது போகட்டும், விலை உயர்ந்தது பிழைக்கட்டும். இதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு முனையும் சொருகல்தான் என்பதால், இழுக்கும்போது எது தளர்வோ அது கழலும். கை மட்டும் வரும் என்று எதிர்பார்த்தால் கீலும் சேர்ந்து வந்துவிடும். அந்தக் கீலைக் குறடால் பிடித்து வெளியே எடுக்கப் போய்த்தான் பாதி உடைசல்கள் நடக்கின்றன. குறடின் வாயில் துணி சுற்றாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உடைசலுக்கு எதிர்ப்பக்கம் தளர்வு. ஒவ்வொரு தடவை மாட்டிக் கழட்டும்போதும் துளை கொஞ்சம் தேயும். கை தானாக விழ ஆரம்பித்தால் முளையின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டலாம். முளையில்தான், துளைக்குள் அல்ல. ஃபெவிக்விக் பூசுகிறவர்களும் உண்டு. முழுதாகக் காயும் முன் மாட்டினால் கதை முடிந்தது.

முளை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால், பசை போட்டு ஒட்ட நினைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. பாலிஅசிட்டாலில் சாதாரணப் பசை ஒட்டவே ஒட்டாது. ஒட்டுகிற பிளாஸ்டிக்காக இருந்தாலும் 2 மி.மீ. வட்டப் பரப்பு எதையும் தாங்காது. கையைச் சூடாக்கி, அடியிலிருந்து பிதுக்கிப் பாருங்கள். பல நேரம் துண்டு வெளியே வந்துவிடும். வராவிட்டால் 0.8 மி.மீ. துரப்பண ஊசியைக் கையாலேயே மெதுவாகத் திருகி, உடைந்த துண்டின் நடுவில் இறக்கி, ஊசி கவ்வியதும் நேராக இழுக்க வேண்டும். மின்சார டிரில் வேண்டாம், அந்த வேகத்தில் பிளாஸ்டிக் உருகி எல்லாம் ஒன்றாகிவிடும்.

துளை காலியானதும், பெட்டியில் வந்த உபரிக் கீல் இருந்தால் போதும். இல்லையென்றால் முப்பரிமாண அச்சில் அடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அச்சு ரெசின் பொதுவாக நொறுங்கும் ரகம்; 2 மி.மீ. தடிமனில் அதை நம்ப நான் தயாரில்லை. அதே வரிசையில் வந்த, முகமோ காலோ போன மலிவான பழைய பொம்மையைத் தேடிப் பிடித்து அதன் மணிக்கட்டைக் கழட்டிக்கொள்வது மேல். பழைய பொம்மை வாங்கும்போது கைகளை எண்ணுவதோடு நிற்காமல், தட்டின் மூலையில் உபரிக் கீல்கள் இருக்கின்றனவா என்றும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.