ஐந்து பலகைகள் போதும்

பட்டம் பெற்று விடுதியைவிட்டு வெளியேறும் நாளில், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி நம் ஒவ்வொருவருக்கும் வரும். பாடநூல்களை இளைய மாணவர்களிடம் கொடுத்துவிடலாம். பழைய மின்விசிறியை அடுத்த அறை நண்பர் வாங்கிக்கொள்வார். எனக்குச் சிக்கலாக இருந்தவை பலகை விளையாட்டுகள். வீட்டிலிருந்து கொண்டு வந்தவை, வாங்கியவை, பரிசாக வந்தவை எனப் பதினேழு சேர்ந்திருந்தன. வேலைக்காக வாடகை அறைக்குச் செல்பவர் அத்தனையையும் சுமக்க இயலாது. ஆகவே, வாழ்நாள் முழுவதும் உடன் வைத்துக்கொள்ள ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்த முறையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொண்டேன். ஒன்று, இருவர் மட்டும் இருந்தாலும் ஆட முடிய வேண்டும். இரண்டு, தோற்பவரும் கடைசிவரை ஆட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று, காய்கள் தொலைந்தாலோ பலகை உடைந்தாலோ நாமே மாற்று செய்துகொள்ள முடிய வேண்டும். இவற்றைக் கொண்டு பார்த்ததும் சில பெரிய பெயர்கள் விழுந்துவிட்டன. 1935ஆம் ஆண்டு முதல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் விற்ற மோனோபோலியில் முதலில் திவாலானவர், மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் கிளாவுஸ் டோய்பர் உருவாக்கி 1995இல் வெளிவந்த கட்டான் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம்தான். ஆனால் அதற்கு மூவராவது தேவை. விடுதியில் மூவர் எளிதாகக் கிடைப்பார்கள். வாடகை அறையில் கிடைப்பார்களா? அதைச் சங்க அறைக்கே கொடுத்துவிட்டேன்.

எஞ்சியவற்றுள் முதலிடம் பல்லாங்குழிக்கு. இருபுறமும் ஏழேழாக 14 குழிகள். எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்தாக 70 கொட்டைகள். ஒரு குழியில் உள்ளதை அள்ளி வரிசையாக இட்டுச் செல்வோம். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அப்பால் உள்ளது நமக்கு. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். மலாய் நண்பர்களின் சொங்காக் இதற்கு நெருங்கிய உறவு. அதில் இரு முனைகளிலும் பெரிய வீடுகள் உண்டு. கடைசி விதை சொந்த வீட்டில் விழுந்தால் மீண்டும் ஆடலாம். 1989இல் வெளியான மலேசியப் பத்து சென் நாணயத்தில் சொங்காக் பலகை இடம்பெற்றது. புளியங்கொட்டை கிடைக்காத தோட்டப்புறத்தில் என் பாட்டி ரப்பர் கொட்டைகளை வைத்து ஆடியவர். இன்றும் என் பலகையோடு இருப்பவை அவைதாம்.

இரண்டாவது தாயம். நீண்ட இரு தாயக்கட்டைகளின் பக்கங்களில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்ற புள்ளிகள் இருக்கும். ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு விதங்களில் மட்டுமே. எட்டு முறைக்கு ஒரு முறை என்பது கணக்கு. ஆனால் எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு! காயை இறக்கத் தாயம் வேண்டும் என்பதால், ஒருவர் ஓடிக்கொண்டிருக்க மற்றவர் வாசலிலேயே நிற்பார். இரு பக்கமும் வெறுமையானால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு உருட்டு உண்டு. 16இல் 6 விதங்கள் மறு உருட்டுத் தருவதால், பின்தங்கியவர் எந்நேரமும் எழுந்து வரலாம். வீட்டில் தமிழ் பேசத் தயங்கும் என் சிற்றப்பா பிள்ளைகள்கூட இந்தப் பலகையின் முன் உட்கார்ந்தால் ‘தாயம்’, ‘வெட்டு’, ‘பழம்’ என்று கூவுகிறார்கள். அந்தச் சொற்களுக்கு அவர்களிடம் வேறு மொழிச் சொல் இல்லை. பாட்டியும் அவர்களும் ஒரே மொழியில் சண்டை போடுவது அப்போது மட்டும்தான்.

மூன்றாவது ஆடு புலி ஆட்டம். மூன்று புலிகள், 15 ஆடுகள், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகளுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஒன்றையொன்று ஒட்டி நின்று புலிகளை அசையவிடாமல் அடைத்தால் வெற்றி. இரு தரப்புக்கும் இருவேறு இலக்கு என்பதே இதன் அழகு. பலகைகூடத் தேவையில்லை, சுண்ணாம்புக் கட்டியும் சிமெண்டுத் தரையும் போதும். கடைசிப் புலியை அடைக்கும் ஆடு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே யோசிப்பவர்தான் இதில் வெல்வார்.

நான்காவது சதுரங்கம். நால்வகைப் படையைக் குறிக்கும் பெயர் அது. தாயத்தில் அதிர்ஷ்டத்தின் மீது பழி போடலாம்; இதில் முடியாது. ஆட்டங்களை எழுதி வைத்துப் பிறகு தனியாகவே ஆடிப் பார்க்கலாம் என்பது தனியறையில் வாழ்பவருக்குப் பெரும் துணை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் சீனாவின் டிங் லிரனை வென்று பட்டம் சூடினார். அந்த ஆட்டத்தை என் பலகையில் எத்தனை முறை அடுக்கிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஐந்தாவது ஸ்கிராபிள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்து, எந்த எழுத்துக்கு எத்தனை கட்டை என்று முடிவு செய்தார். 100 கட்டைகளில் ‘எஸ்’ நான்கே நான்குதான். பன்மையாக்கி எளிதில் மதிப்பெண் குவிக்கக் கூடாதல்லவா?

தமிழில் இதை எப்படிச் செய்வது? நம் எழுத்துகள் 247. எழுத்துக்கு ஒரு கட்டை என்றால் ‘ஙௌ’ கையில் வந்தவர் என்ன செய்வார்? இதற்கு இலக்கணமே வழி காட்டுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 வகைக் கட்டைகள் போதும். ‘மரம்’ என்பதை ம், அ, ர், அ, ம் என ஐந்து கட்டைகளால் அடுக்கலாம். ஒரு சிறு சொல்லிலேயே அகரம் இருமுறை வருவதால் அகரக் கட்டைகள் அதிகம் வேண்டும். ‘கள்’ விகுதி சேர்த்து எல்லாரும் தப்பிக்காமலிருக்க ளகர மெய்யைக் குறைக்க வேண்டும். புணர்ச்சியை அனுமதிப்பதா என்று வாதாடத் தொடங்கினால் இரவு போதாது. அட்டையில் வெட்டிய என் கட்டைகளோடு ஆடிப் பார்த்துவிட்டேன். எத்தனை கட்டைகள் எந்த எழுத்துக்கு என்பதுதான் இன்னும் சரியாக அமையவில்லை.

நண்பர்களே, அதற்கு ஒரு தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தைப் பிரித்து எழுத்துகளை எண்ண வேண்டும். ஒரு பக்கம் போதாது. பத்து நாளிதழ்களாவது வேண்டும். ஒருவர் எண்ணினால் மாதக் கணக்கில் ஆகும். சங்கத்தில் இருபது பேர் அமர்ந்தால் ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்துவிடும். அட்டை, கத்தரிக்கோல், தேநீர் என் பொறுப்பு. நாளிதழோடு நீங்கள் வந்தால் போதும்.