ஜனவரி மழையில் ஒரு கோப்பை

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பீலேயும் மரடோனாவும் உலகக் கோப்பையும்தான். கல்கத்தாவில் வாழும் அன்பர்கள் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அயர்லாந்தின் கிராமத்துக்காரர் ஒருவரிடம் "கால்பந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டால், அவர் மனத்தில் எழுவது வேறோர் ஆட்டம். அதற்குக் கேலிக் கால்பந்து என்று பெயர். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வீரர்களை விலைக்கு வாங்கும் வழக்கமும் கிடையாது. இருந்தும் ஆண்டுதோறும் அகில அயர்லாந்து இறுதியாட்டத்தைக் காண டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் கூடுகிறார்கள்.

அந்தப் பெருவிழா ஜூலையில். அதற்கு ஆறு மாதம் முன்னதாக, ஜனவரிக் குளிரில், சேற்று மைதானங்களில் நடந்துவந்த ஒரு சின்னப் போட்டியைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். அதன் பெயர் டாக்டர் மெக்கென்னா கோப்பை.

ஆட்டம் எப்படி?

ஓர் அணிக்குப் பதினைந்து பேர். மாவட்ட அணிகள் மோதும் ஆட்டம் 70 நிமிடம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் தட்டிக் கொடுக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது பாதத்தால் மேலே எற்றித் தன் கைக்கே வாங்க வேண்டும். கம்பங்கள் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் நிற்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் கோல்; அதற்கு 3 புள்ளி. கட்டைக்கு மேலே போனால் 1 புள்ளி. ஆகவே பத்திரிகையில் '1-12' என்று போட்டிருந்தால் ஒரு கோலும் பன்னிரண்டு புள்ளியும். மொத்தம் 15 என்று படிக்க வேண்டும்.

ஊரே அணி

இந்த விளையாட்டுக்களைக் கட்டிக் காக்கும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற ஊரில் ஓர் ஓட்டலில் தொடங்கப்பட்டது. முன்நின்றவர் மைக்கேல் கியூசக். ஆங்கிலேயர் ஆட்சியில் தங்கள் மண்ணின் ஆட்டங்கள் அழிந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த சங்கம் அது. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேயப் படையினர் சுட்டதில் 14 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். ஜாலியன்வாலாபாக் நடந்த அடுத்த ஆண்டு இது. இன்றும் அந்த அரங்கின் ஒரு பகுதி ஹோகன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சங்கத்தின் அடிப்படை, மாதா கோவில் பங்கு. ஒரு பங்குக்கு ஒரு கிளப் என்பதே பெரும்பாலும் வழக்கம். கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி மாவட்ட அணி அமைகிறது. அயர்லாந்துத் தீவில் மாவட்டங்கள் 32, மாகாணங்கள் நான்கு. ஆசிரியர், விவசாயி, மாணவர், தச்சர் என்று பகலில் அவரவர் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். பயணப்படி உண்டு, சிறிய அரசு உதவித் தொகை உண்டு. வேறு மாவட்டம் நல்ல அணி என்பதற்காக அங்கே தாவிவிட முடியாது. பிறந்து வளர்ந்த ஊர் சிறியதானால், ஆயுள் முழுதும் சிறிய அணியில்தான் ஆட வேண்டும்.

ஆயர் கொடுத்த கோப்பை

வடக்கிலுள்ள அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள். 1921-இல் நாடு பிரிக்கப்பட்டபோது ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. டோனிகால், கேவன், மொனஹன் மூன்றும் தெற்கே போயின. ஆனால் விளையாட்டுச் சங்கம் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. ஒன்பதும் ஒரே மாகாணமாகவே ஆடிவந்தன. பிரிவினைக்குப் பின் 1925-இல் தொடங்கியது மெக்கென்னா கோப்பை. அதை வழங்கியவர் குளோகர் மறைமாவட்ட ஆயர் பேட்ரிக் மெக்கென்னா. அவருடைய மறைமாவட்டமும் எல்லைக்கு இரு புறமும் பரந்து கிடந்தது.

இந்தக் கோப்பைக்காக யாரும் உயிரை விடுவதில்லை. டைரோன் மாவட்டம் 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட அகில அயர்லாந்துக் கோப்பை அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆனால் ஃபெர்மனா மாவட்டத்துக்காரரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். 60,000 பேருக்குச் சற்று அதிகமாக மக்கள் வாழும் அந்தச் சின்ன மாவட்டம், அல்ஸ்டரின் ஒன்பதில் மாகாண சாம்பியன் பட்டத்தை ஒருமுறையும் வெல்லாத ஒரே மாவட்டம். மெக்கென்னா கோப்பை மட்டும் அவர்கள் கைக்கும் வந்திருக்கிறது.

புதுமுகங்களின் வாசல்

ஜனவரிப் போட்டியின் உண்மையான பயன் வேறு. வழக்கமான ஆட்டக்காரர்கள் ஓய்விலோ காயத்திலோ இருக்கும் நேரம் அது. பயிற்சியாளர் கிளப்புகளிலிருந்து புதுப் பையன்களை இறக்கிப் பார்ப்பார். இதில் நம்மைப் போன்றவர்களுக்குப் புரியக்கூடிய ஒரு சங்கதி உண்டு. 2008-இல் பொருளாதாரம் சரிந்த பிறகு அயர்லாந்தின் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் வேலை தேடிப் போனார்கள். ஒரு மாவட்டத்தில் நான்கு பேர் போய்விட்டால், அணியில் நான்கு இடம் காலி. போனவர்கள் இடத்தை நிரப்பப் போவது யார் என்பது முதலில் தெரிவது ஜனவரியில்தான்.

சில ஆண்டுகள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் உட்பட மூன்று கல்வி நிறுவனங்களின் அணிகளும் இதில் ஆடின. ஒரே பையனை மாவட்டமும் கல்லூரியும் அழைக்கும் இழுபறியும் நடந்தது.

புது விதிகளைச் சோதிக்கும் களமும் இதுவே. 2019 ஜனவரியில், கையால் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பந்தைக் கொடுக்கக் கூடாது என்ற விதியை எல்லா மாகாணங்களின் முன்பருவப் போட்டிகளிலும் பரீட்சித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. லீக் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே அதைக் கைவிட்டார்கள்.

நின்றுபோன ஆண்டு

2022 முதல் ஆண்டின் முற்பகுதி மாவட்ட அணிகளுக்கு, பிற்பகுதி கிளப்புகளுக்கு என்று பிரிக்கப்பட்டது. செப்டம்பரில் நடந்துவந்த இறுதியாட்டம் ஜூலைக்கு வந்தது. ஏழு மாதத்துக்குள் முன்பருவப் போட்டி, லீக், மாகாணப் போட்டி, அகில அயர்லாந்து எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதாயிற்று. வேலைக்கும் போய்க்கொண்டு இத்தனையும் ஆடினால் உடல் தாங்குமா? அதனால் 2025-இல் நான்கு மாகாணங்களிலும் முன்பருவக் கோப்பைகளை நடத்துவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. அந்த ஜனவரியில் மெக்கென்னா கோப்பையும் இல்லை.

முடிவில் நியாயம் இருந்தது. சம்பளம் வாங்காதவனிடம் ஓய்வையும் பறித்துக்கொள்வது தர்மமல்ல. ஆனால் ஓய்வு முழுமையாகக் கிடைத்ததா என்றால் இல்லை. கோப்பை இல்லாத அந்த ஜனவரியிலும் அணிகள் தங்களுக்குள் பேசிவைத்துப் பயிற்சி ஆட்டங்கள் ஆடின. அதே ஆண்டு புது விதிகள் வேறு வந்திருந்தன. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கட்டைக்கு மேலே அடித்தால் 2 புள்ளி. அவற்றைப் பழகிக்கொள்ள ஆட்டம் தேவைப்பட்டது. ஆக, பழைய வீரர்களுக்கு உழைப்பு அப்படியே இருந்தது. புதுப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய மேடைதான் போயிற்று.

பயிற்சி ஆட்டத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மறுநாள் பத்திரிகையில் பெயர் வராது. ஜனவரி இரவில் மாவட்டத்தின் சட்டையை முதன்முறையாக அணிந்து, மழையில் குடை பிடித்து நிற்கும் அப்பாவும் பங்குச் சாமியாரும் பார்க்க ஆடும் அரை மணி நேரத்துக்கு அது ஈடாகாது. அவர்களில் பலர் அதற்குப் பிறகு மாவட்டத்துக்கு ஆடாமலே போகலாம். ஆனாலும் "நான் எங்கள் மாவட்டத்துக்கு ஆடினேன்" என்று பேரனிடம் சொல்ல அந்த ஓர் இரவு போதும்.

நம் சங்கங்களின் விளையாட்டு விழாக்களில் நேரம் போதவில்லை என்றால் முதலில் கைவைப்பது சிறுவர் ஆட்டத்தில்தான். பெரியவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான். அதைச் சின்னவர்களின் வாய்ப்பிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று நிர்வாகிகள் ஒரு முறை யோசித்தால் நல்லது.