பட்டியலில் ஓர் எண்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பள்ளி பேண்டு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஒரு பட்டியலோடு மல்லுக்கட்டுகிறார்கள். 1910-இல் தொடங்கிய யூனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் வெளியிடும் பட்டியல் அது. போட்டி மேடையில் நடுவர்கள் முன் வாசிக்கும் முக்கிய உருப்படிகளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒவ்வோர் உருப்படிக்கும் அது எவ்வளவு கடினம் என்று காட்ட 1 முதல் 5 வரை ஒரு நிலை எண் உண்டு. பெரிய பள்ளியின் முதன்மைக் குழு என்றால் மேல் எண்களுக்குத்தான் போக வேண்டும்.

வேகமாக வாசிக்க வேண்டியதற்குப் பெரிய எண், மெதுவானதற்குச் சின்ன எண் என்று தோன்றும். கிளாரினெட்டைக் கையில் எடுத்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை வாசித்த அதே வாத்தியம்தான்.

புல்லாங்குழலில் ‘ச’வுக்கு விரல் வைத்து ஊதும் முறையைச் சற்று மாற்றினால் மேல் ஸ்தாயி ‘ச’ கிடைக்கும். கிளாரினெட் அப்படித் தாவாது. நாணல் இருக்கும் முனை மூடிய முனைபோல் இயங்குவதால், அந்த நேர்க்குழலுக்குள் அடிப்படை அதிர்வின் ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக எழும். இரு மடங்கு விடுபட்டு மூன்று மடங்கு வரும். அதாவது ‘ச’விலிருந்து மேல் ஸ்தாயி ‘ப’வுக்கு ஒரே தாவல்!

அவ்வளவு பெரிய இடைவெளியைத் துளைகளாலும் சாவிகளாலும் நிரப்ப வேண்டியிருக்கிறது. கீழ்ப்பகுதியின் உச்சியை எட்டும்போது துளைகள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கும். அடுத்த சுரத்துக்கு அத்தனை துளைகளையும் ஒரே நொடியில் மூடியாக வேண்டும். வாசிப்பவர்கள் இந்த இடத்தை ‘பிரேக்’ என்கிறார்கள். ஒரு விரல் துளையை முழுதாக மூடாவிட்டாலும் கீச்சென்ற சத்தம்தான். அதனால்தான் தொடக்க நிலைக்கு எழுதுபவர்கள் கிளாரினெட்டை முடிந்தவரை பிரேக்குக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள்.

டிரம்பெட்டின் சிக்கல் வேறு மாதிரி. அதன் மூன்று வால்வுகளும் குழலின் நீளத்தை முறையே சுமார் 12, 6, 19 சதவீதம் கூட்டுகின்றன. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 37 சதவீதம் கூடும். ஆனால் ஆறு அரைச்சுரம் கீழிறங்க 41 சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் குழலில் இந்தக் குறை 6 செ.மீ. அளவுக்கு வரும், சுருதி ஏறிவிடும். அதைச் சரிசெய்ய இடக்கை மோதிர விரலால் ஒரு சிறு குழாயை வெளியே தள்ள வேண்டும். மெதுவான உருப்படியில் அந்தச் சுரம் நீண்டு நின்றால் பிழை அப்பட்டமாகக் கேட்கும். வேகமான பாட்டு இதை மறைத்துவிடும், மெதுவானது மறைக்காது. ஆகவே மெதுவான உருப்படி எளிது என்று நம்பி எடுப்பது பெரிய ஆபத்து என்பேன்.

பிரெஞ்சு ஹார்னின் மேல் பகுதியில் இயற்கைச் சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். உதட்டின் இறுக்கம் இம்மி மாறினாலும் பக்கத்துச் சுரம் வந்துவிடும்.

இவ்வளவையும் ஒற்றை எண்ணுக்குள் அடக்க முடியாது. ஆசிரியர் ஸ்கோரைப் பிரித்து, தன் குழுவின் இரண்டாம் வரிசைக் கிளாரினெட் பிள்ளைகள் எத்தனை முறை பிரேக்கைத் தாண்டுகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஓபோ வாசிக்க ஆள் இல்லையென்றால், அந்த வரி வேறொரு வாத்தியத்தின் தாளில் சிறிய எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

பட்டியலின் ஐந்தாம் நிலையில் பெர்சி கிரெய்ஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போசி’ இருக்கிறது. 1937-இல் மில்வாக்கியில் அது அரங்கேறியபோது, வாசித்த பெரியவர்களால் எல்லாப் பகுதிகளையும் சமாளிக்க முடியவில்லை, சிலவற்றை விட்டுவிட்டார்கள். இன்று பதினேழு வயதுப் பிள்ளைகள் அதன் பக்கங்களைப் போட்டி மேடைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேயும் அதே பிரேக், அதே 6 செ.மீ.