நாற்றம் நின்றால்தான் ஆபத்து

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல நாறும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த நாற்றம் எப்போது நின்றுபோகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைப் பிடித்துவிடும். 100 பங்கைத் தொட்டதும் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. “நாத்தம் போயிடுச்சு சார், இறங்கிடலாம்” என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான். 500 பங்கைத் தாண்டினால் சீக்கிரமே மயக்கம் வரும். 1,000 பங்கில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரியலாம்.

2019 நவம்பரில் இராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது, உள்ளே மயங்கிய தன் உடன்பிறந்தவரைக் காப்பாற்றப் போன 25 வயது இளைஞர் இறந்துபோனார். இது தற்செயல் அல்ல. இப்படி மூடிய இடங்களில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எழுதிவைத்தது. மேலே நிற்பவருக்குத் தெரிவது கீழே கிடக்கும் தம்பியோ நண்பனோதான், வாயு அல்ல.

சென்னை மண் இந்த வாயுவுக்கு வாகானது. தரை சமதளம் என்பதால் கழிவுநீர் மெல்லத்தான் நகரும்; அதை நீரேற்று நிலையங்கள் வழியாகத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். தேங்கும் நீரும் வெயிலும் சேர்ந்தால், பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகளுக்குக் கொண்டாட்டம். அவை உண்டாக்கும் வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் படிந்துகொள்ளும். சேற்றுக்குள்ளும் அடைபட்டிருக்கும், மண்வெட்டி பட்டதும் குபீரென்று வெளிவரும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறப்போட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

அடையாற்றிலோ தி. நகரிலோ கழிவுநீர் லாரியை வரவழைக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேட்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு: நான்கு வாயு அளக்கும் கருவி. கைக்கு அடங்கும் அளவுதான். முதலில் பிராணவாயு பார்க்கவேண்டும். இயல்பான அளவு 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. அடுத்து, எரியக்கூடிய வாயு. இந்த வரிசை சடங்கு அல்ல: எரிவாயுவை அளக்கும் சென்சார்களில் பல, பிராணவாயு போதாவிட்டால் தப்புக் கணக்கு காட்டும். மீத்தேன் காற்றில் 5 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அதன்பிறகுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் மோனாக்சைடும். குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்கவேண்டும். வேலை முடியும்வரை கருவி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சோதிக்காத கருவி பெட்டியிலேயே இருப்பது மேல். பொய்யான பச்சை விளக்கு, விளக்கே இல்லாததைவிட மோசம்.

முகத்தில் கட்டிய துண்டும் கொரோனாக் கால முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி வைத்த முகமூடிகூட, காற்றில் இல்லாத பிராணவாயுவை உண்டாக்கித் தராது.

கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையே தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் விதிகள் தரும் கருவிப் பட்டியலில் வாயு அளவியும் இருக்கிறது. சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. தொகை ஏறியது, மூடியைத் திறக்கும் முறை பல தெருக்களில் அப்படியே இருக்கிறது. “காண்ட்ராக்டர் பாத்துப்பார்” என்று செயலாளர் ஒதுங்கவும் முடியாது, ஆளை நேரடியாக அமர்த்தினாலும் மறைமுகமாக அமர்த்தினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆளை இறக்காமல் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.