ராமேஸ்வரம் போகிறீர்களா? ரசீதைக் கேட்டு வாங்குங்கள்

பெற்றோருக்குத் திதி கொடுக்க வந்த இடத்தில் காசுக்காக வாக்குவாதமா என்று பலர் கேட்டதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ராமேஸ்வரம் போன்ற தலங்களில் ஏமாற்றுபவர்களுக்கு இந்தக் கூச்சம்தான் மூலதனம்.

தீர்த்தமும் தரகரும்

அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடுவது வழக்கம். அதற்குக் கோயில் நிர்வாகமே கட்டணச் சீட்டு தருகிறது. "வரிசையே வேண்டாம், தலைக்கு இவ்வளவு கொடுங்க" என்று வெளியே யாராவது மடக்கினால் நிற்காதீர்கள். கவுண்டரில் எழுதியிருக்கும் கட்டணத்தைப் பார்த்து நீங்களே சீட்டு வாங்குங்கள். தர்ப்பணம், பிண்டம் என்றால் தட்சிணை, பொருட்செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று மணலில் உட்காரும் முன்பே பேசி முடியுங்கள். சங்கல்பத்தின் நடுவில் கோதானம், வஸ்திர தானம் என்று தொகை ஏறினால் தாராளமாக மறுக்கலாம். தானம் கட்டாயமல்ல.

உடை மாற்றும் அறை

ஈரத்துணியோடு சுவாமி தரிசனத்துக்குப் போக முடியாது; எங்காவது உடை மாற்றியாக வேண்டும். 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தம் அருகே ஒரு தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா சிக்கியது, இருவர் கைதானார்கள். உள்ளே போனதும் சுவர் ஓட்டை, சுவிட்ச் பெட்டி, கூரை இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் கழற்ற வேண்டாம், சாட்சியம் கெடும். வெளியே வந்து 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி, முதல் முறை குற்றம் நிரூபணமானாலே சிறை. புகாரை உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்.

கடலும் கைபேசியும்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமானது. கரையில் நின்று கும்பிடுங்கள், இறங்காதீர்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022-லேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒப்படைக்கும் இடத்தில் டோக்கன் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும்

போலி இணையதளத்தில் அறை பதிவு செய்து பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். தாமதமானால் பணம் கைமாறிவிடும். விடுதியோ பயண நிறுவனமோ சொன்ன வசதியைத் தராவிட்டால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ராமேஸ்வரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கோயில் நிர்வாகம் பற்றிய குறைகளை தமிழக அரசின் உதவி எண் 1100-ல் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சான்று. ரசீது கிடைக்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் ரொக்கத்துக்குப் பதிலாக யூபிஐயில் செலுத்துங்கள். அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டும்போது இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெரியவர்களின் பையிலும் வையுங்கள்.