யாரை வைப்பது, யாரை விடுவது?

நமக்குக் கிரிக்கெட் மாதிரி அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு கற்பனை அணி விளையாட்டைத் தொடங்கினார்கள். நிஜ ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்க வேண்டும். களத்தில் அவர்கள் சாதிப்பதுதான் நமக்கு மதிப்பெண். வழக்கமாக 23 பேருக்கு 260 டாலர்.

பல லீக்குகளில் அடுத்த வருஷமும் சிலரைப் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். யாரை? "பெரிய ஸ்டாரைத்தான்!" என்பீர்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்! 30 டாலர் பெறும் ஸ்டாரை 28-க்கு வைத்தால் மிச்சம் 2. அவரை விட்டாலும் ஏலத்தில் திரும்பப் பிடிக்கலாம். 15 பெறும் இளைஞனை 3-க்கு வைத்தால் மிச்சம் 12! அதில் இன்னொரு நல்ல ஆளுக்குக் கூடுதலாகக் கேட்கலாம். வயசு, காயம் இரண்டையும் கவனியுங்கள். மொத்தத்தில், பேரைப் பார்க்காதீங்க, மிச்சத்தைப் பாருங்க!