வாசலில் நாய்ச் சிறுநீர்: வாடை வேறு, நஜீஸ் வேறு

"ஆலிம்சா, நாலு மாசமா சுபுஹுக்கு முன்னாடி எந்திரிச்சு வாசலை ஏழு தடவை கழுவுறேன். பினாயிலும் ஊத்துறேன். வாடை போகவே மாட்டேங்குது. நான் தொழுத தொழுகையெல்லாம் கூடுமா?"

எங்கள் தெருவில் மகளோடும் பேரனோடும் வசிக்கும் வயதான உம்மா ஒருவர் கேட்டது இது. கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. முட்டுவலி உள்ளவர். இருட்டில் ஈரத் தரையில் வாளி தூக்கி, ஒருமுறை வழுக்கியும் விழுந்திருக்கிறார். தெருநாய் ஒன்று தினமும் இரவில் கேட்டுக்குள் வந்து சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறது. இந்தக் கேள்வி வேறு பல வீடுகளிலிருந்தும் வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நஜீஸ் என்பது மார்க்கச் சட்டம் சம்பந்தப்பட்டது. வாடை என்பது மூக்கு சம்பந்தப்பட்டது. பினாயில் ஊற்றி வாடை போய்விட்டால் இடம் சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை. முறைப்படி கழுவிய பிறகும் லேசாக வாடை தங்கினால் இடம் நஜீஸாகவே இருக்கிறது என்றும் பொருளில்லை.

முதலில் சட்டம். தொழுகைக்கு உடல், உடை, தொழும் இடம் இம்மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். வாசல் நாம் தொழும் இடமல்ல. அங்கே நஜீஸ் பட்டதால் வீட்டுக்குள் முஸல்லாவில் தொழுத தொழுகைக்கு எந்தக் குறையும் வராது. அந்த உம்மாவுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: "நாலு மாசத் தொழுகையும் கூடும், கவலைப்படாதீங்க." தினமும் வாசலை ஏழு முறை கழுவும் கடமை அவருக்கு இருக்கவே இல்லை. வாடைக்காகக் கழுவுவது நல்லது. ஆனால் அது எண்ணிக்கையில்லாத சாதாரணக் கழுவல்தான்.

அந்த இடத்தையே சுத்தமாக்கித் தீர வேண்டும் என்றால் மத்ஹபுகளில் வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணைக் கொண்டு கழுவச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நம் இமாம்கள் நாயின் சிறுநீருக்கும் அதே சட்டத்தைச் சொல்கிறார்கள். மண்ணுக்குப் பதிலாகச் சோப்பு போதாது என்பதே மத்ஹபின் வலுவான கருத்து. சிமெண்ட், டைல்ஸ் தரையாக இருந்தால் முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, பட்ட இடத்தின் மீது மட்டும் ஏழு முறை தண்ணீர் ஓடவிட வேண்டும். ஒருமுறை மட்டும் சுத்தமான மண்ணைக் கலக்கிய தண்ணீர். ஒரு சாண் அகல இடத்துக்கு ஏழு கப் தண்ணீர் தாராளம். முற்றம் முழுவதையும் ஏழு வாளி விட்டுக் கழுவ வேண்டியதில்லை. மண் தரை என்றால் தனியாக மண் சேர்க்கவும் தேவையில்லை, தரையே மண்தானே. ஏழு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். இவ்வளவும் செய்த பிறகு, அகற்றச் சிரமமான வாடை மட்டுமோ நிறம் மட்டுமோ மிஞ்சினால் மன்னிக்கப்படும்.

உள்நாட்டு ஊர்களில் அதிகமாக உள்ள ஹனஃபி மத்ஹபில் இங்கே ஏழு என்ற கணக்கில்லை. தரை காய்ந்து, நிறமும் வாடையும் போய்விட்டால் அங்கே தொழலாம். அந்த மண்ணில் தயம்மும் மட்டும் செய்யக் கூடாது.

செருப்பில்லாமல் அந்த இடத்தை மிதித்துவிட்டால்? காய்ந்த காலும் காய்ந்த தரையுமாக இருந்தால் நஜீஸ் ஒட்டாது. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால்தான் காலைக் கழுவும் பேச்சு. கேட்டருகே ஏதோ ஈரம், நாயா மழையா தெரியவில்லை என்றால், சுத்தம் என்பதே அடிப்படை. துருவி ஆராய வேண்டாம். அந்த வாசலைத் திறந்துவிட்டால் வஸ்வாஸ் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி வாடை. நான் கல்லூரியில் வரலாறு படித்தவன், வேதியியல் எனக்குத் தூரம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கும் என் மச்சானை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. கேட் தூணின் அடிப்பகுதியில் ஒரு கப் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் குனிந்து முகரச் சொன்னார். மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆண் நாய் காலைத் தூக்கிச் சுவரில்தான் அடிக்கிறது. உம்மா நாலு மாதமாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாடையோ தூணின் சொரசொரப்பான பூச்சுக்குள், முழங்கால் உயரம் வரை ஊறிக் கிடந்தது. பக்கத்தில் பேரன் நிறுத்தும் பைக்கின் டயரிலும் அதே கதை. அடையாளம் வைக்க நாய்களுக்கு டயர் மிகவும் பிடித்த இடம்.

சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது, மூக்கைத் துளைப்பது அதுதான் என்றார் மச்சான். பினாயில் அதன்மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது, அவ்வளவே. நம் மூக்குக்கு மறைந்தாலும் நாயின் மூக்குக்கு மறையாது. பழைய வாடை இருக்கும்வரை அது அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

அன்று நாங்கள் செய்தது இது. தூணையும் சுவர் அடியையும் நிறையத் தண்ணீர் விட்டு நார் பிரஷால் தேய்த்தோம். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நன்றாக நனைத்து, கால் மணி நேரம் விட்டுக் கழுவினோம். காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, மறுநாள் காலை துடைத்தெடுத்தோம். பழைய கறை என்பதால் ஒரு வாரத்தில் மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. மார்பிளிலும் கடப்பாக் கல்லிலும் வினிகர் ஊற்றாதீர்கள், கல் அரித்து மங்கிவிடும். அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் நல்லது. ஊற்றிச் சில மணி நேரம் ஈரமாகவே விட வேண்டும். அதற்கு முன் பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் நன்கு அலசிவிடுங்கள், இல்லையென்றால் என்சைம் வேலை செய்யாது. பேவர் பிளாக் தரையில் இடுக்கு மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் நிரப்பினால்தான் வாடை போகும். வெறும் மண் தரையில் ஊறிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுவதே சுருக்கமான வழி.

(ஓர் இடைக்குறிப்பு: நஜீஸை அகற்றும் திரவங்களில் வினிகரையும் பன்னீரையும் ஹனஃபி கிதாபுகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் தண்ணீர் மட்டும்தான் சுத்தமாக்கும். வினிகர் வாடைக்கு மட்டும்.)

ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பிளீச்சிங் பவுடரை வினிகரோடோ, ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். தேங்கிய சிறுநீர் மீது நேராகக் கொட்டினாலும் நச்சு வாயு வரும். இருமலும் கண் எரிச்சலும் அதனால்தான். கழுவும்போது செருப்பும் கையுறையும் அவசியம். எலிக்காய்ச்சல் என்ற பெயர் எலியை மட்டும் சொன்னாலும் அந்தக் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். ஈர மண்ணில் உயிரோடிருந்து காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் குழந்தைகளை அந்த முற்றத்தில் வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள்.

கேட்டில் தொங்கும் நீலத் தண்ணீர் பாட்டிலால் பயனில்லை. அதன் பக்கத்திலேயே நாய் காலைத் தூக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அந்துருண்டை குழந்தைகள் வாயில் போட்டால் ஆபத்து. மிளகாய்ப்பொடி தூவுவது ஜீவனுக்கு வேதனை.

பேரன் என்னைத் தனியே அழைத்து, "எலி மருந்து வச்சுட்டா என்ன ஆலிம்சா?" என்றான். பிளஸ் டூ படிக்கிற பையன். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற புகாரி, முஸ்லிம் ஹதீஸைச் சொன்னேன். விஷம் வைத்துக் கொல்வது இந்தியச் சட்டத்திலும் குற்றம். சிறுநீர் நஜீஸ் என்பதால் அந்தப் பிராணிக்குத் தண்டனை கொடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு கருத்தடை விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே பகுதியில் விடுவது உள்ளாட்சி நிர்வாகத்தின் வேலை. கருத்தடை செய்த ஆண் நாய் இப்படி அடையாளம் வைப்பது பெரும்பாலும் குறைந்துவிடும். ஜமாஅத்தோ தெருவாசிகளோ சேர்ந்து மனுக் கொடுத்தால் நகராட்சி கவனிக்கும், தனி ஆளாகப் போனால் இழுத்தடிப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில இருந்தன. மீன் கழிவை இரவில் கேட்டோரம் வைக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். கேட்டின் அடி இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தார்கள். தூணின் அடியில் இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியதில் ஊறும் பிரச்சினை தீர்ந்தது. மிஞ்சிய சோற்றை அந்த நாய்க்குத் தெருமுனை வேப்பமரத்தடியில் வைக்கிறான் பேரன். இப்போது அதன் படுக்கையும் அங்கேதான்.

போன வாரம் உம்மாவைப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை, வெயில் வந்த பிறகு, மகள்தான் வாசலைக் கழுவுகிறாளாம். "சுபுஹுக்கு அப்புறம் குர்ஆன் ஓத நேரம் கிடைக்குது ஆலிம்சா" என்றார். உடனே அடுத்த கேள்வியும் வந்தது: "மாடியில வத்தல் காயப் போட்டிருந்தேன், பூனை மிதிச்சுட்டுப் போயிடுச்சு. அதைச் சாப்பிடலாமா?"

சாப்பிடலாம் என்றேன்.